மணி ‘வேண்டாம்’ என்று சொல்லமாட்டான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைப் பயணங்களைப் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவது பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. நாய்க்கு மலையைக் காட்டினால் போதும், அவிழ்த்துவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. அதே எண்ணத்தோடு ஒரு முறை மலை ஏறி, என் நாயின் பாதத்தை நானே புண்ணாக்கிவிட்டு வந்தவள் நான். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாது என்றால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டிவிடுங்கள், நாயைப் பற்றியதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரென்டன் என்ற ஊரில் 20 வருடமாக இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. பிள்ளைகளுக்கு லீவு விட்டால் எனக்கும் லீவு. மகன் கல்லூரிக்குப் போன வருடம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நாய்க் காப்பகத்துக்குப் போய் ஒருவனைக் கூட்டி வந்தோம். லாப்ரடார் கொஞ்சம், ஷெப்பர்ட் கொஞ்சம், வேறு என்னவெல்லாமோ கலந்தவன். வெல்லப்பாகு நிறம், 24 கிலோ எடை. கம்பத்தில் எங்கள் வீட்டில் இருந்த எல்லா நாய்களுக்கும் மணி என்றுதான் பெயர். இவனும் மணிதான். ‘அது’ என்று எழுதக் கை வரவில்லை, ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் காஸ்கேட் மலைத்தொடர். ஸ்னோகுவால்மி கணவாயைத் தாண்டி, கச்சீஸ் ஏரிப் பக்கம் திரும்பி, மண் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ரேச்சல் ஏரிக்குப் போகும் பாதை தொடங்கும். ஆல்பைன் லேக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் அந்த ஏரி இருக்கிறது. ஒரு வழி 4 மைல். முதல் மூன்று மைல் ஓடையை ஒட்டி நிழலில் ஏறக்குறைய சமதளமாகப் போகும். பெரிய பெரிய மரங்கள், இடுப்பளவு பெரணிகள், கால் வைத்தால் சத்தமே வராத ஈர மண். கடைசி ஒரு மைல்தான் வேலை வாங்கும். அந்த ஒரு மைலில் மட்டும் 1,300 அடி ஏற்றம். படிக்கட்டு மாதிரி வேர்கள், வேருக்கு நடுவே பாறை, சில இடங்களில் பாதை எது, ஓடை எது என்று தெரியாதபடி தண்ணீர் ஓடும். ஏரிக்கு மேலே இன்னும் ஏறினால் ராம்பார்ட் ஏரிகள். அங்கே ஓர் இரவு தங்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரருக்குப் பல வருட ஆசை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் முதல் தடவையாக மணியோடு போனோம். இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, கடையில் நின்று ஐஸ் வாங்கி, நடக்கத் தொடங்கும்போது காலை 11 ஆகிவிட்டது. அவனுக்காக எடுத்துக்கொண்டது ஒரு கிண்ணம், இரண்டு வேளைத் தீனி, ஒரு கயிறு. அவ்வளவுதான். அவனுக்கென்று வாங்கிய முதுகுப்பையில் அவன் தீனியோடு எங்கள் சாமான் சிலவற்றையும் திணித்தோம். நாலரை கிலோ இருந்திருக்கும். வீட்டுக்குள்ளும் பூங்காவிலும் மட்டுமே நடந்து பழகிய நாயின் முதுகில் நாலரை கிலோவை ஏற்றிவிட்டு, "பாரு, என்ன கம்பீரமா போறான்" என்று பின்னாலிருந்து வீடியோ எடுத்தேன்.

கம்பீரமாகத்தான் போனான். ஓடையில் இறங்கினான், ஏறினான், மரக்கட்டைகளைத் தாண்டினான். செங்குத்தான அந்த ஒரு மைலிலும் எங்களுக்கு முன்னால்தான் போனான். ரேச்சல் ஏரியில் குளித்தான். ஏரியைத் தாண்டி வெயிலில் சரிவு ஏறும்போதுதான் மாற்றம் தெரிந்தது. எப்போதும் கயிற்றை முன்னால் இழுப்பவன் என் காலுக்குப் பின்னால் வந்துவிட்டான். கல்லுக்கு அடியில் ஒரு முழம் நிழல் கிடைத்தாலும் போய்ப் படுத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எழுந்திரு மணி, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று கயிற்றை இழுத்தேன். எழுந்தான். பத்தடி நடந்து மறுபடி படுத்தான். மறுபடி இழுத்தேன், மறுபடி எழுந்தான். நாலைந்து தடவை இப்படி நடந்தது. கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாலை ஆட்டிக்கொண்டேதான் எழுந்தான். அதை நான் உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிறிய ஒரு பாறையின் மேல் குங்குமத்தைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வழி முழுக்கப் புள்ளிகள். அவன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் கறுப்பு மெத்தை மாதிரி இருக்குமே, அது ஒரு காசு அளவுக்குப் பிளந்து, மூடி போலத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே சிவப்பாக, ஈரமாக, மணல் ஒட்டிய சதை. மற்றொரு முன்னங்காலிலும் அப்படித்தான். நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் என் கையை நக்கினான். கத்தவில்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. என் உள்ளங்கையை அந்தப் பாறையில் வைத்தேன். அரை நிமிடம் வைத்திருக்க முடியவில்லை. நான் தடித்த ஷூ போட்டுக்கொண்டு அந்தப் பாறையில் அவனை ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறேன்.

ராம்பார்ட் போகவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ரேச்சல் ஏரிக்கு இறங்கினோம். நாய்க்கென்று மருந்து எதுவும் கையில் இல்லை. வலிக்குமே என்று என் வீட்டுக்காரர் எங்கள் மருந்துப் பையிலிருந்து ஐபுப்ரோஃபென் மாத்திரை ஒன்றை எடுத்துவிட்டார். எங்கேயோ கேட்ட ஞாபகத்தில் நான் தடுத்தேன். ஊருக்கு வந்த பிறகுதான் மருத்துவர் சொன்னார், நமக்கு ஆகும் அந்த மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று. தடுக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மறுநாள் அவனை இறக்கியது எப்படி என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் பெரிய முதுகுப்பையைக் காலி செய்து, பின்னங்கால்கள் உள்ளே, முன்னங்கால்கள் அவர் தோள்மேல் என்று மணியை உட்காரவைத்தோம். 24 கிலோ உயிர், அதுவும் அசைகிற உயிர். வேர்ப்படிகளில் அவர் ஒவ்வொரு காலாக இறக்கி வைக்க, நான் கீழே நின்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்வேன். முன்பின் தெரியாத மூன்று இளைஞர்கள் எங்கள் கூடாரம், படுக்கைப்பை, அடுப்பு எல்லாவற்றையும் பிரித்து வாங்கிக்கொண்டு கீழே வரை வந்தார்கள். அந்த ஒரு மைலுக்கு மூன்று மணி நேரம் ஆனது. அவர்கள் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் பாதத்தில் கட்டோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

அந்த இரண்டு வாரமும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தவர் என் அப்பா. கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதினார். ஜீப் கிடைக்காத நாளில் நடந்தே ஏறுவார். கூடவே எங்கள் பழைய மணி போகும். அது கோம்பை நாய். கோம்பை எங்களுக்குப் பக்கத்து ஊர். செம்பட்டை உடம்பு, கறுத்த மூஞ்சி, ஒரு சோற்றுக் கவளத்துக்கு நாள் முழுக்க நடக்கும். சின்ன வயதில் ஒரு தடவை நானும் கூடப் போனேன். வழியில் ஒரு வளைவில் நாய் உட்கார்ந்துவிட்டது. அப்பாவும் உட்கார்ந்துவிட்டார். "வாங்கப்பா, நேரமாச்சு" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "அது எந்திரிக்கட்டும் தாயி" என்றார். நாய் எழுந்து உடம்பை உதறிய பிறகுதான் அவரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பா நாயைப் பற்றி எதுவும் படித்தவர் இல்லை. நான் இத்தனை வசதியோடு இருந்தும் எனக்கு அது தோன்றவில்லையே என்பதுதான் என்னைக் குடைந்தது.

அப்புறம்தான் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பி பெரும்பாலும் பாதத்தில்தான். உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் தணிக்க வேண்டும். காற்றே சூடாக இருந்தால் இரைத்து என்ன பயன்? நாயின் சாதாரண உடல் வெப்பமே ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு வழக்கத்தைவிட அகலமாகத் தொங்குவது, ஈறு அடர்சிவப்பாவது, எச்சில் பிசுபிசுவென்று ஆவது, நடை தள்ளாடுவது இதெல்லாம் அறிகுறி. தள்ளாடும் வரை விட்டுவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறி, சூட்டைத் தணித்துவிட்டுத்தான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூக்கு சப்பையான பக், புல்டாக் வகைகளுக்கு இரைப்பதே கஷ்டம். நம் ஊரில் பக் வளர்ப்பவர்கள் அதிகம். தயவுசெய்து அவற்றைக் கோடையில் மலைநடைக்கு இழுத்துப் போகாதீர்கள்.

பாதம் மெதுவாகத்தான் காய்க்கும். செருப்பில்லாமல் வயலில் நடந்த நம் தாத்தா பாட்டிகளின் பாதம் ஒரே நாளிலா காய்த்தது? மணியை வாரம் மூன்று நாள் கரடுமுரடான பாதையில், ஒரு மைல், இரண்டு மைல் என்று கூட்டிக்கூட்டி நடத்தினேன். நாய்களுக்கான ஷூவும் வாங்கினேன். முதலில் வாங்கியது ஓடையிலேயே இரண்டு கழன்று போய்விட்டது. இப்போது இருப்பதை வீட்டுக்குள் தினம் பத்து நிமிடம் போட்டு நடக்கவைத்து ஒரு மாதம் பழக்கினோம். பாறையைக் கண்டால் என் புறங்கையை அதில் வைத்து ஏழு வரை எண்ணுவேன். எண்ண முடியவில்லை என்றால் அவன் அதில் நடக்கக் கூடாது. முதுகுப்பை அவன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. அவன் தீனி, அவன் கிண்ணம், அவ்வளவே. இன்னொரு சாமானும் எங்களோடு வருகிறது. நாயை உட்காரவைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் துணித் தூளி. கால் கிலோகூட இருக்காது. அது பைக்குள் கிடந்தால்தான் எனக்கு நடக்கவே தைரியம் வருகிறது.

இந்த ஜூலையில் மறுபடி போனோம். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, ஐந்தரைக்கெல்லாம் நடக்கத் தொடங்கிவிட்டோம். பாதை முகப்பில் இருக்கும் பெட்டியிலிருந்து அனுமதிச் சீட்டை நாமே எழுதி, ஒரு பிரதியைப் பையில் கட்டிக்கொள்ள வேண்டும். கார் நிறுத்த ஒரு நாளைக்கு 5 டாலர் பாஸ். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் இந்தியாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும், புதிதாகக் குடிவந்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். தேசிய வனம் வேறு, தேசியப் பூங்கா வேறு. வனத்தில் பெரும்பாலான பாதைகளில் நாய் வரலாம். மவுன்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவின் நடைபாதைகளில் வரக் கூடாது. தெரியாமல் கூட்டிக்கொண்டு போய், நாயைக் காருக்குள் பூட்டிவிட்டு நடக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் பூட்டிய கார் அடுப்புதான். வனத்திலும் எல்லா இடமும் இல்லை. இதே ஆல்பைன் லேக்ஸில் என்சான்ட்மென்ட்ஸ் பகுதிக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது.

அனுமதித்த பாதைகள் பலவற்றிலும் கயிறு கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் மணி கயிற்றில்தான் வருவான். அது ஏன் என்று ஓடைக்கரையில் ஒரு தடவை நன்றாக விளங்கியது. எதிரே ஓர் இளைஞரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். சுடிதாரும் புது ஷூவுமாக, கையில் ஒரு கம்போடு அந்த அம்மா. மணியைப் பார்த்ததும் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டுச் சரிவில் ஒரு காலை வைத்துவிட்டார். "அய்யய்யோ, நாய்டா" என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது, தமிழ்!

"ஏம்மா, கடிக்குமா?"

"கடிக்க மாட்டாங்கம்மா. ஆனாலும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பாதைக்கு வாங்க, நாங்க ஒதுங்கிக்கிறோம்."

மணியை மேட்டுப் பக்கமாக உட்காரவைத்து, அவன் முன்னால் நான் நின்றேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்து போனார். தாண்டிய பிறகு திரும்பி, "சமத்தா உக்காந்திருக்கே" என்றார். அவிழ்த்துவிட்டிருந்தால் அவன் அன்பாகத்தான் ஓடியிருப்பான். அந்த அம்மாவுக்கு அது அன்பு என்று எப்படித் தெரியும்? சரிவில் வைத்த கால் வழுக்கியிருந்தால்?

மனிதர்கள் மட்டுமில்லை. பாறைச் சந்துகளில் பைக்கா என்ற முயல் இனத்துச் சின்ன உயிர் இருக்கிறது, கைக்குள் அடங்கும் அளவுதான். கோடையில் புல்லைச் சேர்த்துக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும். மர்மோட் என்ற பெரிய மலையணில் வகையும் உண்டு. குட்டையான அந்தக் கோடைக்குள் அவை வருடத்துக்கே தின்று முடிக்க வேண்டும். நாய் ஒரு தடவை துரத்தினாலும் அவற்றுக்கு அது நஷ்டம். நாயிலிருந்து காட்டுக்கு நோயும் போகும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் கொத்தாகச் செத்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் வைரஸ் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கும். நம் ஊரில் சரணாலயத்துக்குள் நாயைக் கொண்டு வராதே என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொடைக்கானல், மேகமலை என்று மே மாதம் நாயோடு கிளம்புகிறவர்கள் எந்தப் பாதை யாருடைய காடு என்று முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசியும் உண்ணி மருந்தும் போடாமல் எந்த மலைக்கும் கிளம்பக் கூடாது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். அரை மணிக்கு ஒரு தடவை நின்றோம். அவன் கேட்காமலே தண்ணீர் வைத்தேன். ஓடைத் தண்ணீரை எங்களுக்கு வடிகட்டும்போதே அவனுக்கும் வடிகட்டிவிடுகிறேன். ஜியார்டியா என்ற கிருமி நாய்க்கும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். செங்குத்து மைலில் வேருக்கு வேர் தாவும்போது அவன் பின்னால் நான் கை கொடுத்துக்கொண்டே ஏறினேன். ஒன்பது மணிக்கு ரேச்சல் ஏரி. ஓரங்களில் இன்னும் பனித் திட்டு கிடந்தது. அதில் முதுகு தேய்த்துப் புரண்டான்.

அன்று ராம்பார்ட் வரை போய்விடுவது என்றுதான் திட்டம். பத்து மணிக்குக் கிளம்பினோம். மேலே ஏறும் சரிவில் கொஞ்ச தூரம் போனதும் மணி ஒரு கல்லின் நிழலில் உட்கார்ந்தான். இரைப்பு அதிகமில்லை. பாதத்தைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பாறையில் புறங்கையை வைத்தேன், சூடு இன்னும் ஏறவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கொஞ்சம் குடித்தான். எழுந்தான். அடுத்த வளைவில் மறுபடி நிழலைத் தேடி உட்கார்ந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மேலே பார்த்தார். விளிம்பு அங்கே கையெட்டும் தூரத்தில் தெரிகிறது. மூன்று வருடம் முன்பு விட்டது. இந்தத் தடவை எல்லாத் தயாரிப்போடும் வந்திருக்கிறோம். ஷூ இருக்கிறது, தூளி இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அவர் முகத்தில் அதெல்லாம் ஓடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "ஏரியிலயே தங்கிடலாமா?" என்றார். மணி கீழே திரும்பியதும் வால் சுழன்ற சுழற்சியைப் பார்க்க வேண்டுமே!

கரையிலிருந்து 200 அடிக்கு அப்பால்தான் கூடாரம் அடிக்க வேண்டும். நம் கழிவும் சரி, நாயின் கழிவும் சரி, தண்ணீரிலிருந்து அதே 200 அடி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பையில் கட்டி எடுத்து வந்துவிட வேண்டும். தீ மூட்டவில்லை. அந்த வனப்பகுதியில் உயரமான இடங்களில் தீ மூட்டவே தடை. தடை இல்லாத இடமாக இருந்தாலும் கோடையில் என் கை தீப்பெட்டியைத் தொடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்களே, அது எங்கள் தேனி மாவட்டம். எங்கள் பக்கத்து மலை அது. சின்ன எரிவாயு அடுப்பில் வெந்நீர் வைத்ததோடு சரி.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்ச் சோறும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாய்க்கு நம் சாப்பாட்டைக் கொடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவன் தீனியை வழக்கத்தைவிட ஒன்றரைப் பங்கு கொண்டு போயிருந்தேன், முழுக்கத் தின்றான். இந்தப் பசிபிக் வடமேற்குப் பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பச்சை சால்மன், ட்ரவுட் மீனை நாய் தின்றால், மீனுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிப் புழு சுமந்துவரும் பாக்டீரியாவால் கடும் காய்ச்சல் வரும். பார்க்காமல் விட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். சீக்கிரம் பார்த்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே பிழைக்கும். யாராவது மீன் பிடித்துச் சுத்தம் செய்த இடம் என்றால் மணியை அந்தப் பக்கமே விடுவதில்லை.

பகல் முழுக்க மர நிழலில் படுத்திருந்தோம். இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரு வேலையும் இல்லாமல் ஒரு முழுப்பகல் இருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கொசு மட்டும் விடவில்லை. நம் மேல் அடிக்கும் கொசு மருந்து நாய்க்கு ஆகாது. அதனால் ஒரு பழைய மெல்லிய புடவைத் துண்டை அவன் மேல் போர்த்தினேன். சுங்குடிப் புடவை. மூக்கு மட்டும் வெளியே தெரிய, சுங்குடிக்குள் தூங்கினான்.

இங்கே ஜூலையில் ஒன்பது மணிக்குத்தான் பொழுது சாயும். சாய்ந்த உடனே குளிர் இறங்கிவிடும். பகலில் சூட்டுக்குப் பயப்படும் அதே நாய் இரவில் குளிரில் நடுங்கும் என்பதும் முதல் பயணத்தில் எங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை அவன் அளவுக்கு ஒரு பாயை வெட்டி எடுத்துப் போயிருந்தேன். கூடாரத்துக்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தான். அவன் தூங்கவில்லை. வெளியே ஒரு குச்சி ஒடிந்தால் காது நிமிரும். ஏரியில் மீன் துள்ளினால் தலை நிமிரும். நள்ளிரவில் ஏதோ பெரிய கால்கள் மெதுவாகப் புல்லை மிதித்துப் போயின. மான்தான். மணியின் உடம்பு முழுக்க விறைத்து, நெஞ்சுக்குள் ஓர் உறுமல் கிளம்பியது. அவன் விலாவில் கையை வைத்து, "ஒண்ணுமில்லடா, படு" என்றேன். இதயம் என் உள்ளங்கையில் அடித்தது. உறுமல் மெதுவாக அடங்கி, பெருமூச்சாகி, தலை என் கை மேல் இறங்கியது. கை மரத்துப் போன பிறகும் நான் எடுக்கவில்லை. கூடாரத்துக்கு வெளியே நாயைக் கட்டிப்போட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கரடியும் உண்டு. நான் அப்படிச் செய்யமாட்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி, வெயிலுக்கு முன்னால் கார் வந்து சேர்ந்தோம். நாலு பாதத்தையும் மடியில் வைத்துப் பார்த்தேன். பழைய தழும்பு இரண்டு மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, காது மடல், விரலிடுக்கு, வாலடி எல்லாம் உண்ணி பார்த்தேன். ஒன்று கிடைத்தது. சாமணத்தால் தலையோடு பிடித்து நேராக இழுத்து எடுத்தேன்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரை எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் நாயை நேசிப்பவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. நானும் நேசித்துத்தான் கயிற்றை இழுத்தேன். அடுத்த கோடையில் இதே போன்ற கட்டுரை போடும்போது, நாய் நிழலில் உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரி சேருங்கள். கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும், அதை நம்ப வேண்டாம் என்றும் சேருங்கள். உங்கள் இணைப்பைப் படித்துவிட்டு மே மாத வெயிலில் நாயோடு மலைக்குக் கிளம்பப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

நாங்கள் செப்டம்பர் மாதம் மறுபடி போகிறோம். அப்போது கொசு இருக்காது, பாறை சுடாது. மலைச்சரிவெல்லாம் ஹக்கிள்பெரி பழுத்திருக்கும், அதை மணி செடியிலிருந்தே உதட்டால் உருவித் தின்பான். ராம்பார்ட் வரை போவோமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். மணியைப் பார்த்து, "அவனைத்தான் கேக்கணும்" என்றார்.

இப்படிக்கு,
கம்பத்தைச் சேர்ந்த ஒரு வாசகி,
ரென்டன், வாஷிங்டன் மாநிலம்.